மேகத்தில் வைத்த தரவுக்குப் பொறுப்பு: இலங்கைச் சட்டமும் இந்தியச் சட்டமும்

லண்டன் ரெட்பிரிட்ஜ் நகராட்சியில் செவன் கிங்ஸுக்கும் சாட்வெல் ஹீத்துக்கும் இடையே அமைந்த குட்மேய்ஸ், இலங்கைத் தமிழரும் இந்தியத் தமிழரும் சேர்ந்து வாழும் பகுதியாகையால், அங்குள்ள ஒரு கணக்காளர் அலுவலகமோ வார இறுதித் தமிழ்ப் பள்ளியோ கோயில் நிர்வாகமோ தன் பதிவேடுகளைக் கணினிக்கு மாற்றும்போது, அந்த வேலையைக் கொழும்பிலோ சென்னையிலோ உள்ள நிறுவனத்திடம் ஒப்படைப்பது எளிதில் நிகழக்கூடியது. அவ்வாறு ஒப்படைக்கப்படும் பெயர்களும் முகவரிகளும் வங்கி விவரங்களும் பெரும்பாலும் மேகச் சேமிப்பில், அதாவது இணையத்தின் வழியே எட்டக்கூடிய தரவு மையங்களில் வாடகைக்குப் பெற்ற இடத்தில் வைக்கப்படுகின்றன. பிரிட்டனின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி அதன் 5(2)ஆம் உறுப்பில், சட்டத்தைப் பின்பற்றுவதோடு பின்பற்றியதைச் சான்றுடன் காட்டவும் வேண்டும் என்கிறது. இந்தக் கடமையே பொறுப்புடைமை எனப்படுகிறது. இலங்கையையும் இந்தியாவையும் போதிய பாதுகாப்புள்ள நாடுகளாகப் பிரிட்டன் ஏற்காததால், குட்மேய்ஸ் நிறுவனம் 2022 மார்ச் 21 முதல் நடைமுறையில் உள்ள பன்னாட்டுத் தரவு மாற்ற ஒப்பந்தத்தையோ அதற்கு நிகரான வேறொரு காப்பையோ கைக்கொண்டு, தரவு சென்றடையும் நாட்டின் சட்டம் எத்தகையது என்பதையும் ஆராய வேண்டியுள்ளது. அந்த ஆய்வில் இறங்குவோருக்கு இரண்டு நாடுகளும் பொறுப்புடைமையை வேறுவேறு இடத்தில் வைத்திருப்பது தெரியவரும்.

இலங்கை, தெற்காசியாவில் முதலாவதாக, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் 12ஆம் பிரிவு, தரவைக் கையாளும் நோக்கத்தையும் முறையையும் தீர்மானிப்பவராகிய கட்டுப்பாட்டாளர் ஒவ்வொருவரும் ஒரு தரவுப் பாதுகாப்பு முகாமைத்துவத் திட்டத்தை நடைமுறைப்படுத்த வேண்டும் என்கிறது. முறையாகப் பட்டியலிட்ட பதிவேடுகள், உள்ளகக் கண்காணிப்பு, முறைப்பாடுகளை ஏற்கும் ஏற்பாடு, காலந்தோறும் செய்யும் மீளாய்வு ஆகியவை அத்திட்டத்தின் உறுப்புகள். நிறுவனத்தின் அளவுக்கும் தரவின் நுண்மைக்கும் ஏற்ப அது அமைய வேண்டும் என்பதால், சிறிய அமைப்பின் மீது பெருநிறுவனத்தின் சுமை ஏற்றப்படுவதில்லை. கட்டுப்பாட்டாளரின் சார்பில் தரவைக் கையாளும் செயலாக்குநருக்கும் 22ஆம் பிரிவு நேரடிக் கடமைகளை விதிக்கிறது. மேகச் சேமிப்பைப் பொறுத்தவரை இது முக்கியமானது, ஏனெனில் மேக நிறுவனம் கட்டடத்தையும் வழங்கிக் கணினிகளையும் காக்க, கடவுச்சொற்கள், அணுகல் உரிமைகள், காப்புப் பிரதிகள் ஆகியவற்றை வாடிக்கையாளர் கவனித்துக்கொள்ளும் பகிர்ந்த பொறுப்பு முறையில், எந்தப் பணி எவருடையது என்பதை எழுதி வைத்த பதிவேடு இல்லாவிட்டால் இழப்பு நேர்ந்தபின் ஒவ்வொருவரும் மற்றவரைச் சுட்டுவர்.

இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அனைவருக்கும் பொதுவான பதிவேட்டுக் கடமையிலிருந்து தொடங்காமல், தவறுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதிலிருந்து தொடங்குகிறது. தரவைப் பொறுப்பில் வைத்திருக்கும் நிறுவனம், தன் சார்பில் வேறொருவர் செய்யும் செயலாக்கத்துக்கும் தானே பொறுப்பு என்றும், எந்த ஒப்பந்தமும் அப்பொறுப்பைக் கைமாற்றாது என்றும் 8(1)ஆம் பிரிவு கூறுகிறது. மேக நிறுவனத்தின் மீது பழியைப் போட்டு விலகும் வழி இதனால் அடைபடுகிறது. உரிய பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். இலங்கையில் ஒவ்வொரு மீறலுக்கும் உச்ச வரம்பு 1 கோடி இலங்கை ரூபாய். ஆயினும் இந்தியச் சட்டம் செயலாக்குநர் மீது நேரடித் தண்டம் எதையும் வைக்கவில்லை என்பது ஒரு குறை. பிரிட்டனில் நிலைமை வேறு: தேசிய சுகாதார சேவைக்கு மென்பொருள் வழங்கிய அட்வான்ஸ்ட் நிறுவனத்தின் மீது, 2022இல் நேர்ந்த இணையவழித் தாக்குதல் தொடர்பாக, செயலாக்குநர் என்ற நிலையிலேயே 2025 மார்ச்சில் 30.7 லட்சம் பவுண்ட் தண்டம் விதிக்கப்பட்டது.

2025 நவம்பரில் வெளியான இந்திய விதிகள் இந்தச் சட்டத்துக்குத் தொழில்நுட்ப உடலைத் தந்தன. மறையாக்கம், அணுகல் கட்டுப்பாடு, காப்புப் பிரதி, யார் எப்போது தரவைத் திறந்தார் என்பதைக் காட்டும் பதிவுகளை ஓராண்டு வைத்திருத்தல், இவற்றைச் செயலாக்குநருடனான ஒப்பந்தத்தில் எழுதுதல், கசிவு நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் இந்தியத் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு விரிவாக அறிவித்தல் ஆகியவற்றை அவை வகுத்துள்ளன. இந்தக் கடமைகள் 18 மாதங்கள் கழித்து, 2027 மே மாதம் நடைமுறைக்கு வரும்.

தரவு எந்த நாட்டில் இருக்கலாம் என்பதிலும் இரண்டு சட்டங்களும் பிரிகின்றன. இந்தியச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, மத்திய அரசு தடுத்த நாடுகளைத் தவிர எங்கும் அனுப்பலாம் என்கிறது. ஆனால் கட்டணப் பரிவர்த்தனைத் தரவை இந்தியாவிலேயே சேமிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் இட்ட கட்டளை தனியே நிற்கிறது. இலங்கைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, 2022இல் எழுதப்பட்ட வடிவில், பொது அதிகார சபைகள் அனுமதிக்கப்பட்ட வகைகள் நீங்கலாக ஏனைய தரவை நாட்டுக்குள்ளேயே கையாள வேண்டும் என்றது. உள்நாட்டில் வைத்தால் பாதுகாப்பு என்ற இந்த நம்பிக்கையை இலங்கையின் அனுபவமே மறுக்கிறது. 2021இல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவு இலங்கை அரசின் மேகத்திலிருந்து அழிந்துபோனது. 2023இல் அதே மேகத்தின் மீது நடந்த, தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் பணயத் தாக்குதலில், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அரசு மின்னஞ்சல்கள், அக்காலத்துக்குரிய காப்புப் பிரதி இல்லாததால், மீட்க முடியாமல் போயின. காப்புப் பிரதி எடுக்கப்படுகிறதா என்று ஒருவர் மாதந்தோறும் சரிபார்த்துக் கையொப்பமிடும் ஒழுங்கு, அதாவது 12ஆம் பிரிவு கேட்கும் உள்ளகக் கண்காணிப்பைப் போன்ற ஒழுங்கு, அந்த இழப்பைத் தடுத்திருக்கக்கூடும்.

குட்மேய்ஸ் நிறுவனங்கள் தவறவிடக்கூடாத விதிவிலக்கு ஒன்று இந்தியச் சட்டத்தின் 17(1)(d) பிரிவில் உள்ளது. வெளிநாட்டவருடன் செய்த ஒப்பந்தப்படி, இந்தியாவில் இல்லாதவர்களின் தரவை இந்திய நிறுவனம் கையாளும்போது, பொறுப்பைக் கூறும் 8(1), பாதுகாப்பைக் கூறும் 8(5) ஆகியவை தவிர அவை இடம்பெறும் அத்தியாயத்தின் ஏனைய கடமைகள், கசிவை வாரியத்துக்கு அறிவிப்பது உட்பட, பொருந்துவதில்லை. புறப்பணித் தொழிலைக் காக்க வைக்கப்பட்ட இந்தச் சலுகையால், குட்மேய்ஸ் குடும்பத்தின் தரவு சென்னையில் கசிந்தால் அதைத் தெரிவிக்கும் கடமை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால்தான் உறுதியாகும். தரவின் வகையிலும் கவனம் தேவை. ஒருவரின் மத நம்பிக்கையைக் காட்டும் தரவு பிரிட்டனிலும் இலங்கையிலும் சிறப்பு வகையாகக் கூடுதல் காப்புப் பெறுகிறது. இந்தியச் சட்டத்தில் அத்தகைய தனி வகையே இல்லை. ஆகவே, கோயில் ஒன்றின் அடியார் பட்டியலைச் சென்னைக்கு அனுப்புவோர் அந்தக் கூடுதல் காப்பையும் தாங்களே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

எழுத்தளவில் இலங்கைச் சட்டமே பொறுப்புடைமையைச் சரியான இடத்தில், இழப்புக்கு முன்னால், வைத்துள்ளது. ஆனால் தரவுப் பாதுகாப்பு அதிகார சபையை அமைக்கும் பகுதி 2023இல் நடைமுறைக்கு வந்தபின், 2025 மார்ச்சில் தொடங்கவிருந்த முதன்மைக் கடமைகள் தள்ளிவைக்கப்பட்டன. அவ்வாண்டின் திருத்தச் சட்டம் தொடக்க நாளை அமைச்சரின் கட்டளைக்கு விட்டது. இந்தியாவிடம் குறைகள் உண்டு, தேதியும் உண்டு. கொழும்பு 12ஆம் பிரிவுக்கு ஒரு நாளைக் குறித்து அதில் உறுதியாக நிற்க வேண்டும். அதுவரை குட்மேய்ஸில் தரவை அனுப்புவோர், அந்தப் பிரிவு கேட்கும் பதிவேட்டையும் இந்திய விதிகள் கேட்கும் ஓராண்டு அணுகல் பதிவையும் தங்கள் ஒப்பந்தத்தில் எழுதாமல் கையொப்பமிடக் கூடாது.