கொடி சொல்லும் தூரம்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் நின்று பஸ் பிடிப்பவர்களுக்குத் தெரியும்: போர்டில் ஊர்ப் பெயர் மட்டும் இருந்தால் போதாது, எந்த வழி என்றும் எழுதியிருக்க வேண்டும். கோல்ஃப் மைதானத்தின் கொடிக்கும் அந்தப் பொறுப்பு உண்டு. குழி எந்தப் பக்கம் என்பதைக் கொடி பறந்தாலே தெரிந்துகொள்ளலாம். அது தன்னைச் சுற்றிய புல்தரையில் எவ்வளவு உள்ளே தள்ளி இருக்கிறது என்பதையும் சொன்னால்தான் ஆட்டக்காரர் கையில் சரியான மட்டையை எடுப்பார். அந்த இரண்டாவது செய்தியைச் சொல்லப் பல ஊர்களில் பல வழக்கங்கள் வளர்ந்திருக்கின்றன. கோட்டையிலிருந்து ஸ்டாச்யூ, பாளையம், வெள்ளயம்பலம் தாண்டிப் போனால் கவடியாரில் திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் ஆதரவில் வளர்ந்த ஒன்பது குழி மைதானம் இருக்கிறது. ஆகவே நம் ஊருக்கு இது தொலைதூர விஷயம் இல்லை.

குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். 1891-இல் அந்த அளவு விதியானது, இன்றுவரை மாறவில்லை. ஆனால் அது இருக்கும் இடம் மட்டும் அடிக்கடி மாறும். காரணம் புல். நாள் முழுக்க எல்லோரும் குழியைச் சுற்றியே நடக்கிறார்கள், குனிகிறார்கள், பந்தை எடுக்கிறார்கள். இரண்டு நாளில் அந்த வட்டம் தேய்ந்துவிடும். விடியற்காலையில் மைதானப் பணியாளர் உருளை வடிவமான குழிவெட்டியோடு வருவார். புது இடத்தில் அதை ஊன்றித் திருகி, மண்ணும் புல்லும் சேர்ந்த கட்டியை அப்படியே தூக்குவார். அதைக் கொண்டுபோய்ப் பழைய குழியில் இறக்கி, மேல்மட்டம் சமமாகும்படி மிதிப்பார். கட்டி ஒரு விரல் உயர்ந்து நின்றால் வெட்டும் இயந்திரம் அதைச் சுரண்டிவிடும். தாழ்ந்து போனால் உருண்டு வரும் பந்து அங்கே தடுமாறும். பிறகு புதுக் குழிக்குள் கிண்ணத்தை, அதன் விளிம்பு தரைமட்டத்துக்கு ஓர் அங்குலமாவது கீழே இருக்கும்படி, இறக்குவார். ஸ்காட்லாந்தில் மஸ்ஸல்பரோ மைதானத்தில் 1829-லேயே குழி வெட்டுவதற்கென ஒரு கருவி இருந்தது. அதற்கும் முன்னால், 1744-இல் எழுதிய முதல் விதிகளில், அடுத்த குழிக்கான ஆட்டத்தை முந்தைய குழியிலிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள் தொடங்க வேண்டும் என்று இருந்தது. அந்தக் காலத்துக் குழிகள் எப்படிச் சிதைந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

நூற்றைம்பது மீட்டர் தள்ளி நிற்பவருக்குக் கொடி இடப்பக்கமா வலப்பக்கமா என்பது பார்த்ததும் தெரியும். ஆழம் தெரியாது. புல்தரையின் முன்விளிம்பும் பின்விளிம்பும் ஒட்டி நிற்பதுபோலத் தோன்றும். முப்பது மீட்டர் ஆழமுள்ள தரையில் குழி முன்னால் இருந்தால் ஒரு மட்டை, பின்னால் இருந்தால் அதைவிட இரண்டு மூன்று மட்டை நீண்ட அடி. மட்டைக்கு மட்டை பத்து மீட்டர் வித்தியாசம் என்பது பொதுக் கணக்கு. இந்த இருட்டைப் போக்கத்தான் அத்தனை முறைகளும்.

அவற்றில் மிகப் பரவலானது நிறம். சிவப்புக் கொடி என்றால் குழி முன்னால், வெள்ளை என்றால் நடுவில், நீலம் என்றால் பின்னால். சில இடங்களில் நடுவுக்கு மஞ்சள். எந்த ஊர்க்காரரும் ஒரு நிமிடத்தில் கற்றுக்கொள்வார். ஆனால் இந்த முறைக்கு உலகம் முழுவதும் ஒரே பொருள் கிடையாது. செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் ஒரே பெரிய புல்தரையில் இரண்டு குழிகள் இருக்கும்; அங்கே போகும் பாதைக்கு வெள்ளை, திரும்பும் பாதைக்குச் சிவப்பு. ஆழத்துக்கும் நிறத்துக்கும் அங்கே சம்பந்தமே இல்லை. அதனால் வெளியூர் ஆட்டக்காரர் எவரும் மதிப்பெண் அட்டையின் பின்பக்கத்தைப் படிக்காமல் நிறத்தை நம்பக் கூடாது.

இன்னொரு குறை நம் கடற்கரைக்கே உரியது. வெயிலும் உப்புக்காற்றும் துணியை வெளுக்கச் செய்யும். நீலம் வெளிறி வெள்ளையாகத் தெரியும் நாளில், பின்னால் இருக்கும் குழி நடுவில் இருப்பதாகக் கொடி பொய் சொல்லும். இடவப்பாதி மழையில் துணி நனைந்து கம்பில் சுற்றிக்கொண்டால் நிறமே தெரியாது. ஆண்களில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒருவருக்கு நிறங்களைப் பிரித்தறிவதில் குறை உண்டு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிவப்புக் கொடி பச்சை மரங்களின் முன்னால் அவர்கள் கண்ணுக்கு அடங்கிப்போகும்.

அதனால்தான் உயரமுறை எனக்கு மிகவும் பிடித்தது. கொடி எல்லாக் குழியிலும் ஒரே நிறம். கம்பில் ஒரு சிறு உருண்டையோ சின்னத் துணியோ ஏறி இறங்கும்படி பொருத்தியிருப்பார்கள். கீழே இருந்தால் குழி முன்னால், நடுவில் இருந்தால் நடுவில், மேலே இருந்தால் பின்னால். காற்று அடிக்க வேண்டியதில்லை, நிறம் தெரிய வேண்டியதில்லை, மழையிலும் மாறாது. கம்பு ஏழடி உயரமாவது இருக்க வேண்டும் என்பது பரிந்துரை. அந்த உயரத்தில் மூன்று நிலைகளைத் தூரத்திலிருந்து பிரித்தறிவது எளிது.

மூன்றாவது எண் முறை. புல்தரையை ஆறு கட்டமாகவோ ஒன்பது கட்டமாகவோ கற்பனையில் பிரித்து, முதல் டீயின் (ஆட்டம் தொடங்கும் மேடையின்) அருகே பலகையில் இன்றைய எண்ணை எழுதிவிடுவார்கள். இடவலமும் சேர்ந்தே தெரிந்துவிடும். தேய்மானமும் முறைப்படி எல்லாக் கட்டத்துக்கும் பங்காகும். ஆனால் ஆட்டக்காரர் படத்தை மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்பதால், அடிக்கடி விளையாடும் உறுப்பினர்களுக்கே இது வசதி.

போட்டிகளில் தாள் முறை. முன்விளிம்பிலிருந்து இத்தனை காலடி, பக்கவாட்டில் இத்தனை காலடி என்று ஒவ்வொரு குழிக்கும் அச்சிட்டுக் கொடுப்பார்கள். அமெரிக்க கோல்ஃப் சங்கம் இடத் தேர்வுக்கும் வழிகாட்டுகிறது: விளிம்பிலிருந்து நான்கு காலடிக்குக் குறையாமல், குழியைச் சுற்றி இரண்டு மூன்று அடி வட்டம் இயன்றவரை சமமாக, பதினெட்டில் ஆறு கடினம், ஆறு நடுத்தரம், ஆறு எளிது. இந்தச் சமநிலைதான் நல்ல மைதானத்தின் அடையாளம். கடினமான இடங்களாகவே வெட்டிவைத்து அதைத் திறமை என்று சொல்வது விருந்தாளியைச் சோதிப்பது.

எல்லாவற்றிலிருந்தும் விலகி நிற்கும் மரபுகளும் உண்டு. அமெரிக்காவின் மெரியன் மைதானத்தில் துணிக்கொடியே கிடையாது. கம்பின் நுனியில் பிரம்புக் கூடை. முதல் ஒன்பதில் சிவப்பு, பின் ஒன்பதில் ஆரஞ்சு. ஆழம் சொல்லாததோடு, காற்றின் திசையையும் சொல்லாது. 2013-இல் அமெரிக்க ஓபன் அங்கே நடந்தபோதும் கூடைதான் நின்றது. அகஸ்டா மைதானத்தின் மஞ்சள் கொடியும் இடத்தைப் பற்றி வாய் திறக்காது. பழகிய அழகுக்காக அதை மதிக்கிறேன். ஆனால் புதிதாக வருபவருக்கு எதுவும் சொல்லாத கொடியை நம் பொது மைதானங்களுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்தியாவில் நெடுங்காலம் இந்த வேலையைக் கொடியைவிட மனிதர்களே செய்தார்கள். 1829-இல் தொடங்கிய ராயல் கல்கத்தா கிளப்பிலும் பிற பழைய கிளப்களிலும் பந்து எங்கே விழுகிறது என்று முன்னால் போய்ப் பார்ப்பவருக்கு ‘ஆகேவாலா’ என்று பெயர். பையைச் சுமக்கும் கேடி காலையிலேயே புல்தரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்திருப்பார். ‘பின்னாடி இருக்கு, ஆறாம் நம்பர் எடுங்க, சார்’ என்று அவர் சொன்னால் அதற்கு மேல் தாள் வேண்டாம். கிண்டி ரேஸ் கோர்ஸுக்குள் அமைந்த சென்னை ஜிம்கானா மைதானமானாலும், 1895-இல் தொடங்கிய கொடைக்கானல் மைதானமானாலும், நம் தெற்கத்திய கோல்ஃபின் அறிவு கேடிகளின் வாய்வழியாகவே கைமாறியிருக்கிறது. 2009-இல் இந்தியன் ஓபனை வென்ற சின்னசாமி முனியப்பா கேடியாகத் தொடங்கியவர். தூரத்தை அடி கணக்கில் எண்ணிப் பழகிய கண்ணின் வெற்றி அது.

இப்போது லேசர் கருவி வந்துவிட்டது. கம்பின் மேல் சிறு கண்ணாடிப் பட்டகம் இருந்தால் ஒளி அதில் பட்டுத் திரும்ப, தூரம் உடனே தெரியும். 2019 முதல் விதிகள் தூரம் அளக்கும் கருவிகளைப் பொதுவாக அனுமதிக்கின்றன. வேண்டாம் என்றால் மைதானம் உள்ளூர் விதி போட வேண்டும். ஜிபிஎஸ் கடிகாரம் புல்தரையின் முன், நடு, பின் தூரங்களை மட்டுமே தரும். இன்று காலை வெட்டிய குழியை யாராவது பதிவு செய்யாதவரை அதற்குத் தெரியாது. வாடகை மட்டையோடு விளையாட வரும் மாணவரிடம் லேசர் இருக்காது. மைதானம் அவருக்கும் அதே தகவலைத் தர வேண்டும்.

எந்த முறையானாலும் நான் வைக்கும் அளவுகோல் இதுதான்: காலை ஆறு மணிக்கு வருபவருக்கும் மாலை ஐந்து மணிக்கு வருபவருக்கும் ஒரே உண்மையைச் சொல்ல வேண்டும். ஒன்பது குழி மைதானத்தில் இதன் அவசியம் இன்னும் அதிகம், ஏனென்றால் பதினெட்டு ஆட ஒரே புல்தரைக்கு இருமுறை வருகிறார்கள். தேய்மானம் கூடும், குழி அதிகம் மாற வேண்டியிருக்கும். கவடியார் போன்ற இடத்துக்கு என் யோசனை, ஒரே நிறக் கொடியும் ஏறி இறங்கும் உருண்டையும். முதல் டீயில் ஒரு கரும்பலகை. குழியை வெட்டும் அந்தப் பணியாளரே, கம்பை ஊன்றிய கையோடு உருண்டையைச் சரியான உயரத்துக்கு நகர்த்திவிட்டு, பலகையில் எண்ணை எழுத வேண்டும். அந்த வேலையை அலுவலகத்தில் இருக்கும் வேறொருவருக்கு விடக் கூடாது.