முதுகுப் பட்டை எதைத் தாங்குகிறது?

கச்சிராயபாளையம் கடைத்தெருவில் செருப்புக்கும் குடைக்கும் நடுவே இப்போது ஒரு புதுச் சரக்கு தொங்குகிறது. இரு தோள்களிலும் மாட்டி, முதுகில் குறுக்காக இழுத்துக் கட்டும் எலாஸ்டிக் பட்டை. கூன் நிமிரும், மேல்முதுகு வலி தீரும் என்று அதன் அட்டைப்பெட்டி உறுதி கூறுகிறது. கரும்புக் கட்டு சுமக்கும் தொழிலாளியும் வாங்குகிறார். தேர்வுக்குப் படிக்கும் மாணவியும் வாங்குகிறார். என் வகுப்பிலேயே மூவர் சட்டைக்குள் அணிந்து வந்தனர். அட்டைப்பெட்டியின் வாக்கை இயற்பியலின் துணைகொண்டு சற்றுச் சோதித்துப் பார்ப்போம்.

மனிதத் தலையின் நிறை ஏறத்தாழ 5 கிலோகிராம். நிமிர்ந்து அமர்ந்தால் அது கழுத்தெலும்புகளின் மேல் ஏறக்குறைய நேராக நிற்கிறது. புத்தகத்தை மடியில் வைத்துக் குனியும்போது தலையின் ஈர்ப்பு மையம் முன்னே நகர்ந்துவிடுகிறது. கழுத்தின் அடிமூட்டிலிருந்து அது 12 செ.மீ. முன்னே இருப்பதாகக் கொள்ளுங்கள். தலையைப் பின்னிருந்து இழுத்துப் பிடிக்கும் தசை அதே மூட்டிலிருந்து 4 செ.மீ. தொலைவில் இயங்குவதாகவும் கொள்ளுங்கள். நெம்புகோல் தத்துவப்படி 5 × 12 = தசை விசை × 4. அதாவது, தசை 15 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மணிக்கணக்கில் இப்படி இழுத்தால் வலிக்காமல் என்ன செய்யும்?

2014-இல் ஹன்ஸ்ராஜ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், தலை 60 பாகை குனிந்தால் கழுத்தின்மேல் ஏறும் விசை சுமார் 27 கிலோகிராம் எடைக்குச் சமம் என்று கணக்கிட்டார். பட்டை விளம்பரங்களில் இந்த எண் அடிக்கடி தலைகாட்டும். அது கணிப்பொறி மாதிரி ஒன்றின் கணக்கு. ஆட்களிடம் அளந்து கண்டதன்று. போகட்டும், அதை அப்படியே ஏற்போம். அப்போதும் விற்பவரை ஒரு கேள்வி கேட்கலாம்: இந்தப் பட்டை தலையை எந்த இடத்தில் பிடித்திருக்கிறது? எங்கும் இல்லை! அக்குள் வழியே சென்று முதுகில் முடியும் வளையம், இரு தோள்களையும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கும், அவ்வளவே. தலையின் பளுவில் ஒரு கிராமைக்கூட அது ஏற்பதில்லை.

உண்மையில் தாங்கும் கருவி எப்படி இருக்கும்? 1940-களில் அமெரிக்காவில் பிளவுண்ட், ஷ்மிட் ஆகியோர் உருவாக்கிய மில்வாக்கி கவசத்தைப் பாருங்கள். அது இடுப்பெலும்பில் ஊன்றி, உலோகத் தண்டுகளால் கழுத்து வளையம் வரை எழும்பும். வளரும் பிள்ளைகளின் முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் நோய்க்கு இத்தகைய திண்ணிய கவசங்கள் பயன்படுகின்றன. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், கவசம் அணிந்தோரில் 72 விழுக்காட்டினருக்கு வளைவு, அறுவை வேண்டிய அளவை எட்டவில்லை. அணியாதோரில் அது 48 விழுக்காடே. மருத்துவர் அளந்து கொடுத்து, நாள்தோறும் பல மணி நேரம் அணிந்த கவசங்கள் அவை. எலாஸ்டிக் பட்டைக்கு அந்தப் பெருமையில் பங்கில்லை.

பட்டையால் பயனே இல்லை என்று நான் கூறவில்லை. குனியும்போது அது தோலில் இறுகி, நிமிரச் சொல்லி நினைவூட்டும். முந்தானையில் முடிச்சுப் போட்டுக்கொள்வதைப் போல. அதை அணிந்தால் தசை சூம்பிவிடும் என்று மிரட்டுவோரும் மிகைப்படுத்துகிறார்கள்; ஓரிரு மணி நேரத்தில் எந்தத் தசையும் சூம்பாது. ஆனால் நினைவூட்டலுக்கு இவ்வளவு விலையா? இரண்டு செங்கல்லை அடுக்கிப் புத்தகத்தை உயர்த்தினால் 12 செ.மீ. குறைந்துவிடும், தசையின் வேலையும் குறையும். இடையிடையே எழுந்து நடப்பதும் தோள் தசைகளுக்கான பயிற்சியும் காசில்லாதவை. பளு தூக்குவோர் அணியும் இடுப்புப் பட்டையின் கதையும் இதுவே. அமெரிக்கக் கடைகளில் சரக்கு கையாளும் 9,000-க்கும் மேற்பட்ட ஊழியரிடம் நடத்தி 2000-இல் வெளியிட்ட ஆய்வில், பட்டை அணிந்ததால் முதுகுவலியோ காயமோ குறைந்ததாகத் தெரியவில்லை.

எனக்குப் பெருங்கவலை பட்டையின் விலையைப் பற்றியதன்று. நடு முதுகிலும் மேல்முதுகிலும் நீங்காத வலி சில வேளை முதுகெலும்புக் காசநோயாக இருக்கும். மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, இரவில் கூடும் வலி, ஓரிடத்தில் எலும்பு புடைத்து நிற்றல் ஆகியன அதன் குறிகள். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் ஒருவர் இதைச் சுமை தூக்கிய வலி என்றெண்ணி மூன்று மாதம் பட்டை கட்டிக்கொண்டால், அந்த மூன்று மாதமும் கிருமி எலும்பை அரித்துக்கொண்டிருக்கும். இந்நோய்க்குப் பட்டையினும் வலிய பிளாஸ்டர் கவசத்தையே சோதித்துவிட்டார்கள். கொரியாவின் பூசான் நகரில் காசநோய் மருந்து உண்ட சிறுவருள் ஒரு சாராருக்குக் கவசம் அணிவித்தனர், மறுசாராருக்கு அணிவிக்கவில்லை. கவசத்தால் கூடுதல் பயன் எதுவும் இல்லை என்பது 1973-இல் வெளியான முடிவு. நோயைத் தீர்த்தது மருந்து. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையமும், நடமாடிக்கொண்டே மருந்து உண்பதால் முதுகெலும்புக் காசநோய் குணமாகும் என்று பின்னர்க் காட்டியது.

அந்தச் சோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம். கள்ளக்குறிச்சியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இயங்குகிறது. மேற்சொன்ன குறிகளுள் ஒன்று இருந்தாலும் கடைத்தெருவில் நிற்காமல் அங்கே செல்லுங்கள். காலில் மரப்போ வலுக்குறைவோ தோன்றினால் அன்றைக்கே புறப்படுங்கள்.