விரலுக்குப் பதில் சொல்லும் ஆம்ப் மாடலர்

நிஜ ஆம்பின் ஒலியைக் கணக்கில் போலச் செய்யும் ஒரு டிஜிட்டல் ஆம்ப் மாடலரின் தரத்தைப் பார்க்க எனக்குக் கனத்த டிஸ்டார்ஷன் ப்ரீசெட்டுகள் வேண்டியதில்லை. கெயினை முழுக்க ஏற்றிவிட்டால் சுமாரான கருவிகூடச் சமாளித்துவிடும். வாக்ஸ் ஏசி30 மாடலை எடுத்து, கெயினைப் பாதிக்குச் சற்று மேலே வைத்து, கிட்டாரின் வால்யூம் குமிழைப் பத்திலிருந்து ஏழுக்கு இறக்கி, ஒரே கார்டை மூன்று விதமாக வாசிப்பேன். முதலில் விரல் நுனியால் வருடுவேன். ஒலி சுத்தமாக வரவேண்டும். அடுத்தது பிக்கால், சாதாரண அழுத்தத்தில்; ஓரத்தில் லேசான சொரசொரப்பு தட்டவேண்டும். மூன்றாவது ஓங்கி ஒரு அடி, ஆம்ப் உறுமவேண்டும். எந்தக் குமிழையும் தொடாமல், கையின் அழுத்தம் ஒன்றிலேயே இந்த மூன்றும் வரவேண்டும், அதுவும் இடையில் படி தெரியாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகவேண்டும். இதில் தேறிய மாடலரை நம்பி மேடை ஏறலாம்.

ஏசி30-ஐ வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. நான்கு ஈஎல்84 டியூப்கள், 30 வாட் திறன் கொண்ட பிரிட்டிஷ் ஆம்ப் அது. ஃபெண்டர், மார்ஷல் ஆம்ப்கள் பலவற்றில், வெளியே போகும் சிக்னலில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே அனுப்பி, டியூப்களின் போக்கைக் கட்டுக்குள் வைப்பார்கள். நெகட்டிவ் ஃபீட்பேக் என்பது அதுதான். ஏசி30-இல் அது கிடையாது. அதனால் சுத்தமான ஒலி முறிந்து ஓவர்டிரைவாக மாறும் பாதை நீளமாக, நிதானமாக இருக்கும். ஓங்கி அடிக்கும்போது பவர் சப்ளையின் மின்னழுத்தம் ஒரு கணம் தொய்ந்து மீளும். அந்தத் தொய்வைக் காது தனியாகப் பிரித்துக் கேட்காது. ஸ்வரம் சற்று அமுங்கித் தொடங்கி, அப்புறம் மலர்வதாகத்தான் தோன்றும். குயீன் குழுவின் பிரையன் மே ஏசி30-களை முழு வேகத்தில் ஓடவிட்டு, கிட்டாரின் வால்யூம் குமிழைக்கொண்டே முழக்கத்தையும் மென்மையையும் எடுப்பவர். அந்தக் கைப்பழக்கத்துக்கு ஈடு கொடுக்கத் தெரியாத மாடலர், ஏசி30 என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு என்ன பயன்?

டிஸ்டார்ஷன் என்றாலே இரைச்சல் என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு நூலை நுழைத்து, நகர்த்தி நகர்த்தி ஜீவா சேர்க்கிறோம். சரியான இடம் கிடைத்ததும் தந்தியின் மேற்சுரங்கள் எல்லாம் விழித்துக்கொள்கின்றன. அளவோடு முறிக்கப்பட்ட டியூப் ஒலியும் அப்படித்தான்: தந்தியில் அடங்கிக் கிடக்கும் மேற்சுரங்களைப் பெருக்குகிறது, புதியவற்றைச் சேர்க்கிறது, தேய்ந்துபோகும் நாதத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்த நூலின் இடத்தைத் தேடும் பொறுமையோடு கெயின் குமிழைத் தேடுபவர்களுக்கே நல்ல டோன் வாய்க்கும்.

வரலாறு சுருக்கமாக. 1989-இல் டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப், அனலாக் சர்க்யூட்டிலேயே ஆம்பின் குணத்தைக் கொண்டுவந்தது. 1995-இல் டிஜிட்டலில் அதையே செய்யும் ரோலண்ட் வீஜி-8 வந்தது. கலிஃபோர்னியாவில் மார்கஸ் ரைலும் மிஷெல் டுவாடிக்கும் தொடங்கிய லைன் 6 நிறுவனம் 1996-இல் டிஜிட்டல் மாடலிங் செய்யும் ஆம்பையும், 1998-இல் சிவப்பு அவரைவிதை வடிவத்தில் 'பாட்' என்ற சின்னக் கருவியையும் வெளியிட்டது. வீட்டில் உட்கார்ந்து பதிவு செய்யும் கிட்டார்காரர்களின் மேசையெங்கும் அந்தச் சிவப்பு ஏறியது. 2006-இல் ஃப்ராக்டல் ஆடியோவின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ், 2011-இல் ஜெர்மனியின் கெம்பர் ப்ரொஃபைலர். இந்த இரண்டும் வந்த பிறகுதான் பெரிய குழுக்கள் தயங்காமல் மாடலரோடு மேடையேறின.

பழைய மாடலர்களில் ஏதோ பொய் இருக்கிறது என்று காது சொன்னதற்கு ஒரு திட்டவட்டமான காரணம் உண்டு. வினாடிக்கு 48,000 முறை சிக்னலை அளக்கும் கருவி 24,000 ஹெர்ட்ஸ் வரைதான் தாங்கும். டிஸ்டார்ஷனோ மேற்சுரங்களை எல்லையில்லாமல் பிறப்பிக்கும். உயர் ஈ தந்தியில் 24-ஆவது ஃப்ரெட்டின் ஸ்வரம் சுமார் 1,318 ஹெர்ட்ஸ். அதன் முப்பதாவது மேற்சுரம் 39,500-ஐத் தாண்டும். கருவியில் அதற்கு இடமில்லாததால் மடிந்து திரும்பி, 8,450 ஹெர்ட்ஸ் பக்கம் வந்து விழும். அந்த இடம் மூல ஸ்வரத்தோடு எந்த உறவும் இல்லாத அபஸ்வரம். தந்தியை இழுத்து ஸ்வரத்தை ஏற்றும்போது கவனித்துக் கேளுங்கள். நிஜமான மேற்சுரங்கள் ஏறும். இந்தத் திருட்டுச் சுரம் மட்டும் கீழே இறங்கும். இரண்டும் ஒன்றையொன்று கடக்கும் அந்த மெல்லிய விசில்தான் காதை உறுத்திய பொய். இன்றைய நல்ல கருவிகள் டிஸ்டார்ஷன் கணக்கைப் பல மடங்கு வேகத்தில் போட்டு, மிச்சத்தை வடிகட்டிவிட்டு, அப்புறமே 48,000-க்கு இறங்குகின்றன. பெண்ட் செய்யும்போது விசில் கேட்காத மாடலரில் எவ்வளவு உழைப்பு ஒளிந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு மரியாதை கூடுகிறது.

மாடலர்களில் இப்போது இரண்டு வழிகள் இருக்கின்றன. ஃப்ராக்டல், லைன் 6 ஹீலிக்ஸ் போன்றவை சர்க்யூட்டின் உறுப்புகளைக் கணக்காக எழுதி, டியூப் முதல் டோன் குமிழ் வரை அவை ஒன்றோடொன்று நடந்துகொள்ளும் விதத்தைப் போலச் செய்கின்றன. கெம்பரும், ஹெல்சிங்கியின் நியூரல் டிஎஸ்பி செய்யும் குவாட் கார்டெக்ஸின் கேப்ச்சரும், ஸ்டீவன் அட்கின்சன் இலவசமாகத் திறந்துவிட்ட நியூரல் ஆம்ப் மாடலரும் வேறு வழி: ஓர் ஆம்புக்குள் சோதனை ஒலிகளை அனுப்பி, வெளியே வருவதைக் கேட்டுக் கற்றுக்கொள்கின்றன. இரண்டாவது வழியின் துல்லியம் அசரவைக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு நிஜ ஆம்பையும் அதன் கேப்ச்சரையும் பிரித்தறிவது தேர்ந்த காதுக்கே கடினம். ஆனால் பொதுவாக ஒரு கேப்ச்சருக்குத் தெரிந்தது, பதிவு செய்த அன்று குமிழ்கள் இருந்த ஒரு நிலை மட்டுமே. ஏசி30-இன் டாப் பூஸ்ட் சானலில் ட்ரெபிளையும் பேஸையும் சேர்த்து ஏற்றினால் நடு அலைவரிசை குழிந்துபோகும். ஒரு குமிழ் மற்றதை இழுக்கும் அந்தப் பிணைப்பைத் திருகித் திருகி அனுபவிக்க முதல் வழியே எனக்குப் பிடித்தது. ஒரே ஒரு டோனோடு ஸ்டுடியோவுக்குப் போகிறவருக்கு இரண்டாவது போதும், அருமையாகவே போதும்.

எந்த வழியானாலும், டோனைத் தீர்மானிப்பதில் ஆம்பைவிடப் பெரிய பங்கு ஸ்பீக்கர் கேபினட்டுக்கு. கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே சரசரவென்று சரிந்துவிடும். அந்தக் குறைபாடு போன்ற குணம்தான் டிஸ்டார்ஷனைக் கேட்கத் தகுந்ததாக்குகிறது. கேபினட் பகுதியை அணைத்துவிட்டு ஒரு ஓவர்டிரைவை ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள், குளவிக்கூட்டம். மாடலரில் அந்த இடத்தை இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், சுருக்கமாக ஐஆர், நிரப்புகிறது. ஸ்பீக்கர், பெட்டி, மைக், அறை எல்லாம் சேர்ந்து ஒரு கணநேரத் துடிப்புக்குக் கொடுக்கும் பதில் அது. 2,048 மாதிரிகள் என்றால் ஏறக்குறைய 43 மில்லிசெகண்ட் நீளம். அந்தத் துணுக்குக்குள் ஓர் அறையே இருக்கிறது.

கலை தொடங்குவதும் அங்கேதான். ஷூர் எஸ்எம்57 மைக்கைக் கோனின் நட்ட நடுவே காட்டினால் ஒலி கத்தியாக வரும். ஓரத்துக்கு இரண்டு விரற்கடை நகர்த்தினால் கதகதப்பாகும், இன்னும் நகர்த்தினால் மங்கும். திரையில் மைக்கின் படத்தை விரலால் இழுக்கும்போது நடக்கும் மாற்றம், ஈக்யூ குமிழ்கள் ஐந்தைத் திருகினாலும் வராது. ஈக்யூவை மல்லுக்கட்டித் திருத்துகிறவர்களைப் பார்த்தால், முதலில் மைக்கை நகர்த்துங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. இரண்டு மைக் கலக்கும்போது ஒன்று ஸ்பீக்கருக்குக் கிட்டவும் இன்னொன்று சற்று எட்டவும் இருந்தால், தாமதத்தால் சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒலி பெரிதாகும் என்று சேர்த்த மைக் அதை உள்ளீடற்றதாக்கிவிடும். ஒரு மைக்கோடு நிறைவு கண்ட பிறகு இரண்டாவதைத் தேடினால் போதும்.

எஃபெக்ட்டுகளில் எனக்குக் கட்டுப்பாடுதான் அழகு. ஓவர்டிரைவ் பெடல் ஆம்புக்கு முன்னே, டிலேயும் ரிவெர்பும் பின்னே என்பது வழக்கம். முறிந்த ஒலி எதிரொலித்தால் சுத்தமாக இருக்கும். எதிரொலியை முறித்தால் குழம்பும். வேண்டுமென்றே குழப்புவதிலும் சுவை உண்டு, அது வேறு கணக்கு. யூ2-வின் எட்ஜ் பிரபலமாக்கிய டிலேயை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் ஒரு தட்டு 500 மில்லிசெகண்ட். அதில் முக்கால் பங்கான 375-இல் டிலேயை வைத்தால், நேராக வாசிக்கும் அரைத்தட்டு ஸ்வரங்களின் இடைவெளிகளில் எதிரொலி போய் அமர்ந்து, இரண்டு கிட்டார் வாசிப்பதுபோலப் பின்னிக்கொள்ளும். எதிரொலியின் அளவு மூல ஒலிக்குச் சற்றே கீழே இருக்கவேண்டும். இன்னும் கீழே போனால் அலங்காரமாகிவிடும், மேலே போனால் தாளம் வழுக்கும்.

வீட்டுக்காரர் சண்டைக்கு வராத அளவில் ஏசி30-இன் முழு வேக ஒலியைக் கேட்க முடிவது சின்ன விஷயமில்லை. அடுக்ககச் சுவர்களுக்குள் நிஜமான 30 வாட் டியூபைத் திறந்துவிட முடியாது. சுகுமார் பிரசாத், பிரசன்னா போன்றோர் எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசை வாசித்த வழியில் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஒரே மீட்டில் நான்கைந்து ஸ்வரங்களை இழைக்க நாதம் நின்று பேசவேண்டும். லேசாக அழுத்தப்பட்ட ஆம்ப் ஒலி கடைசி ஸ்வரம் வரை தாங்கும்.

ஆனால் வீட்டில் மெல்லிய ஒலியில் அமைத்த டோனை அப்படியே மேடைக்குக் கொண்டுபோகக்கூடாது. ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே காட்டியபடி, ஒலி குறைவாக இருக்கும்போது காதுக்குத் தாழ்ந்த அலைவரிசைகள் சரியாக எட்டுவதில்லை. அதை ஈடுகட்ட வீட்டில் ஏற்றிய பேஸ், மேடையில் பேஸ் கிட்டாரையும் கிக் டிரம்மையும் மூழ்கடிக்கும். மேடைக்கான ப்ரீசெட்டை மேடை அளவில் கேட்டே அமைக்கவேண்டும், அதுவும் தனியாக அல்ல, குழுவோடு. தனியே கேட்கும்போது மெலிந்ததாகத் தோன்றும் டோன்தான் பெரும்பாலும் குழுவுக்குள் தன் இடத்தைப் பிடிக்கும்.

டியூப் ஆம்ப் முன்னால் நிற்கும்போது கால்சட்டையைத் தள்ளும் காற்று மானிட்டரில் வருவதில்லை. அந்த இழப்பு நிஜம். அதே சமயம் ஃபெண்டரின் டியூப் ட்வின் ரிவெர்ப் ஏறக்குறைய 29 கிலோ, 2019-இல் வந்த அதன் டிஜிட்டல் வடிவமான டோன் மாஸ்டர் 15 கிலோ. மாடிப்படி ஏறித் தூக்கியவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்கவேண்டியதில்லை. மாடலர் சிக்னலைக் கணக்கிட எடுக்கும் தாமதத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். மூன்று மில்லிசெகண்ட் என்பது ஒலி ஒரு மீட்டர் கடக்கும் நேரம். ஆம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று வாசித்தவர்கள் அதைப்போல மூன்று மடங்கு தாமதத்தில் காலமெல்லாம் வாசித்தவர்கள்தான்.

புதிதாக மாடலர் வாங்கியவர்களிடம் ஒரு வேண்டுகோள். நூற்றுக்கணக்கான ப்ரீசெட்டுகளின் பட்டியலை இப்போதைக்கு மூடி வையுங்கள். ஓர் ஆம்ப், ஒரு கேபினட், ஒரு மைக், கொஞ்சம் ஸ்ப்ரிங் ரிவெர்ப் மட்டும் போட்டு, கிட்டாரின் வால்யூம் குமிழோடு ஒரு மாதம் வாசியுங்கள். அடுத்து எந்த எஃபெக்ட் வேண்டும் என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.