ஓர் ஆட்டமும் தவறவிடாதவர்

ஏழு பருவங்கள், 112 ஆட்டங்கள். கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்காக ஸ்டெர்லிங் ஷார்ப் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. அமெரிக்கக் கால்பந்தைச் சொல்கிறேன். பெயர்தான் கால்பந்து, ஆட்டமோ பெரும்பாலும் கையால். குவார்ட்டர்பேக் எறிகிற பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவர் ரிசீவர். விலாவில் மோத ஒருவன் வந்துகொண்டிருக்கிறான் என்று தெரிந்தும், கண்ணைப் பந்திலிருந்து எடுக்காமல் கையை உயர்த்த வேண்டிய வேலை அது.

அடிபட்டாலும் களத்தில் இறங்குவதை அங்கே ஆண்மையாகவே பார்க்கிறார்கள். முரட்டுத்தனம் என்று இதை ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடலாம். 1993ஆம் ஆண்டை நினைத்தால் எனக்கு அப்படி ஒதுக்க மனம் வரவில்லை.

அந்தப் பருவத்தில் ஷார்ப்புக்குக் கால் கட்டைவிரலில் காயம். 'டர்ஃப் டோ' என்பார்கள். விரலின் அடிமூட்டைப் பிடித்திருக்கும் தசைநார் கிழிந்தோ இழுபட்டோ போவது. ஓட்டத்தை நிறுத்தித் திடீரென்று திசை மாற்றுவதுதான் ரிசீவரின் பிழைப்பு. அதற்கு அழுத்தி ஊன்ற வேண்டியது அந்த விரலைத்தான். வாரநாள் பயிற்சிகளை விட்டுவிட்டு ஞாயிறன்று மட்டும் ஆட வந்தார். அப்படியும் 112 முறை பந்தைப் பிடித்தார். முந்தைய ஆண்டு 108. அன்றைக்கு அதுவே லீகின் சாதனை. அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் நூறைத் தாண்டியவர் அவருக்கு முன் யாருமில்லை.

இதில் லாபம் அவருக்கு மட்டுமல்ல. பந்தை எறிந்த பிரெட் ஃபாவ்ர் 1992இல்தான் அணிக்கு வந்தவர். கையில் அசுர பலம், நிதானம் மட்டும் இன்னும் கூடிவரவில்லை. அப்படிப்பட்டவருக்கு எந்த வாரமும் மாறாத ஒரு ஜோடிக் கை கிடைத்தது. 1994 ஜனவரியில் டெட்ராய்ட்டுக்கு எதிரான நாக்அவுட் ஆட்டம். ஒரு நிமிடம்கூட மீதியில்லை. இடப்பக்கம் நகர்ந்த ஃபாவ்ர், மைதானத்தின் குறுக்கே வலது மூலைக்கு எறிந்தார். அங்கே ஷார்ப் தனியாக நின்றிருந்தார். கிரீன் பேக்கு வெற்றி, 28-24.

அடிபட்டும் ஆடுவதற்குப் பின்னால் பிழைப்புக் கணக்கும் உண்டு. இந்த லீகில் பெரும்பாலான ஒப்பந்தங்களில் முழுத் தொகைக்கும் உத்தரவாதம் கிடையாது. உட்கார்ந்தவன் இடத்தில் இன்னொருவன் நிற்பான்.

அடிபட்டும் ஆடும் இந்த வழக்கத்தின் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. விரல்வலிக்கும் கழுத்துவலிக்கும் அது ஒரே அளவுகோலை நீட்டுகிறது: எழுந்து நிற்கிறானா, அப்படியானால் ஆடட்டும். விரல்வலியைப் பல்லைக் கடித்துப் பொறுக்கலாம். கை மரத்துப்போவது பொறுக்க வேண்டிய வலியே அல்ல, கழுத்து அனுப்பும் அறிவிப்பு. 1994 டிசம்பர் 18, அட்லாண்டாவுடன் ஆடியபோது மோதலில் அவருக்குக் கைகள் மரத்தன. ஆறே நாளில் டாம்பாவில் மறுபடி களத்தில் நின்றார், மறுபடி மரத்தன. பரிசோதித்தபோது கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கிடையே பிடிப்பு தளர்ந்திருந்தது. அறுவை சிகிச்சை நடந்தது, ஆட்டம் முடிந்தது. விரலோடு ஆடியதையும் கழுத்து கெட்டதையும் முடிச்சுப் போடுவது அநியாயம். அந்த ஆறு நாளில் அவரைத் தடுக்கும் பழக்கம் அந்த ஆட்டத்துக்கு இல்லை என்பதே என் குற்றச்சாட்டு.

இத்தனை தாங்கியதற்குக் கைம்மாறாவது உடனே கிடைத்ததா? முழங்கால் காயங்களால் 68 ஆட்டங்களோடு ஓய்ந்த கேல் சேயர்ஸ், 34 வயதிலேயே புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். ஷார்ப்பை 2025 வரை காக்கவைத்தார்கள். தம்பி ஷானன் 2011இலேயே உள்ளே போய்விட்டார். தன் வீட்டிலேயே தான் இரண்டாவது சிறந்த வீரன்தான் என்று அந்த மேடையில் சொன்னார். டென்வர் அணியில் வென்ற தன் முதல் சூப்பர் பௌல் மோதிரத்தை அண்ணனுக்கே கொடுத்தவர் அவர். அந்த இறுதியாட்டத்தில் தோற்றது கிரீன் பே.

டாம்பாவில் ஆடியதே ஷார்ப்பின் கடைசி ஆட்டம். அன்றைக்கும் 3 டச்டவுன் எடுத்தார். வயது 29.