உக்கிராணமும் கணக்கும்

தமிழ்த் திருச்சபைகளில் ஈகை பற்றிய பிரசங்கங்கள் பெரிதும் 'உக்கிராணத்துவம்' என்ற சொல்லைச் சார்ந்தே நிற்கின்றன. உடைமை இறைவனுடையது, மனிதன் அதனைக் காக்கும் உக்கிராணக்காரன் மாத்திரமே என்பது இக்கோட்பாடு. தனியுடைமையின் செருக்கை மறுக்கும் இக்கருத்தை நாம் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆயின், லூக்கா 16ஆம் அதிகாரத்து உக்கிராணக்காரனிடம் கேட்கப்படுவது கணக்கேயாகும். பிரசங்கபீடம் பெரும்பாலும் மறப்பது இதனையே.

திருகோணமலைத் துறைமுகப் பகுதியை எடுத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் பெறும் துறைமுக ஊழியரும், வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திற் கடல் கொந்தளிக்கத் தொழிலிழக்கும் கடற்றொழிலாளரும் ஒரே ஆலயத்தில் வழிபடுகின்றனர். இருவருக்கும் தசமபாகத்தை ஒரே விதியாக்குவது சமத்துவம் போலத் தோன்றினும், சுமை சமமன்று. அவரவரிடம் உள்ளதற்குத் தக்கதாகவே கொடை ஏற்கப்படும் எனப் பவுல் எழுதியமை (2 கொரிந்தியர் 8) இங்கு நோக்கற்பாலது. அதே அதிகாரத்தில், சேர்ந்த பணத்தைப் பற்றி எவரும் குறைகூறாதவாறு, சபைகள் தெரிந்தெடுத்த ஒருவரையும் அவர் உடன் அனுப்புகிறார்.

பொறுப்புப் பகிரப்படுமிடத்து ஈகை பெருகும் என்பதற்குத் தமிழரிடையே சான்றுண்டு. 1902இல் யாழ்ப்பாணம் வந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர் தம் பொருளைக்கொண்டே தென்னிந்தியாவுக்கு ஊழியரை அனுப்புவதைக் கண்டார். அதன் தூண்டுதலால் 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. அதன் பொருளும் நிருவாகமும் கொடுத்தோர் கையிலேயே இருந்தன.

எனவே, ஈகையை வேண்டும் தலைமை, ஆண்டு வரவு செலவைச் சபைமுன் வைத்தல் வேண்டும். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அக்காணிக்கையில் எவ்வளவு கடற்றொழிலாளர் குடிசைக்குத் திரும்பியது என்பதும் அக்கணக்கில் இடம்பெறல் வேண்டும்.