மதுரையும் கடம்பும்

மதுரைக்குக் கடம்பவனம் என்பதும் ஒரு பெயர். மீனாட்சியம்மன் திருக்கோயிலின் தலமரம் கடம்பே. பட்டுப்போன பழங்கடம்பு ஒன்றன் அடிமரம் சுவாமி சந்நிதித் திருச்சுற்றில் இன்றும் போற்றிக் காக்கப்பட்டு வருகின்றது. இப்பெயரைக் கொண்டு, வையைக்கரை முழுவதும் முன்னொரு காலத்தே கடம்பங்காடாய் இருந்தது என்பர் ஒரு சாரார். அது புராணகாரர் புனைவு என்று ஒதுக்குவர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் நூல்களை நேர்நின்று நோக்காமையான் எழுந்தன என்பது நம் கருத்து.

பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்துத் திருநகரங்கண்ட படலத்தில், தனஞ்சயன் என்னும் வணிகன் மேற்றிசை சென்று மீளும் வழியில் கடம்பவனத்தே இரவைக் கழிக்கின்றான். கடம்பின் அடியில் எழுந்தருளிய சிவலிங்கத்தைத் தேவர்கள் வழிபடக் காண்கின்றான். மறுநாள் மணவூர் சென்று குலசேகர பாண்டியனுக்கு அதனை உரைக்கின்றான். மன்னன் காடு திருத்திக் கோயிலும் நகரும் அமைக்கின்றான். இக்கதையுள் இரு கூறுகள் உள. வனம் ஒன்று, கடம்பின் கீழ்க் கடவுள் மற்றொன்று. இவற்றைப் பிரித்து நோக்குதல் வேண்டும்.

வனம் என்னும் கூற்றுக்குச் சங்க நூல்களிற் சான்று இல்லை. மதுரை, கூடல், நான்மாடக்கூடல் என்பனவே அந்நூல்கள் வழங்கும் பெயர்கள். ஆலவாய் என்பது தேவாரத்திற் பெருக வழங்குவது. கடம்பு பாண்டியர்க்குரிய மரமாதலின் ஊர்க்கு அப்பெயர் வந்தது என்று கூறவும் இயலாது. போந்தை, வேம்பு, ஆர் என மூவேந்தர் பூக்களைத் தொல்காப்பியம் வரையறுக்கின்றது. அவற்றுள் பாண்டியர்க்குரியது வேம்பு. ஆயினும் மதுரைக்காஞ்சி கடம்பை மறந்திலது. நகரின் சேரிதோறும் குரவை நிகழும் இரவினைப் பாடுமிடத்து, கடம்பிற்குரிய நெடுவேளை மக்கள் பேணிய செய்தியை மாங்குடி மருதனார் குறிக்கின்றார். எனவே மாநகருள் கடம்பு அறியப்பட்டது காடாக அன்று. கடவுளோடு இயைந்த மரமாகவே என்பது பெறப்படும்.

இனிக் கடம்பின் கீழ்க் கடவுள் என்னும் கூற்றை நோக்குவோம். திருமுருகாற்றுப்படை முருகன் உறையும் இடங்களைத் தொகுத்துக் கூறுங்கால், சதுக்கம், சந்தி, மன்றம், பொதியில் என்பவற்றோடு புதுமலர் பூத்த கடம்பையும் ஒருங்கு எண்ணுகின்றது. இவ்வைப்புமுறை கருதத்தக்கது. ஏனையவை மக்கள் கூடும் இடங்கள். அவற்றிடையே மரம் ஒன்று இடமாக நிற்கின்றது. பரிபாடலின் நான்காம் பாட்டு திருமால் உறையும் இடங்களுள் ஆலையும் கடம்பையும் வைத்துப் பாடும். ஆகவே கடம்பு ஒரு தெய்வத்திற்கே உரிமையாய் நில்லாது, தெய்வம் வந்து தங்கும் நிலைக்களமாய் விளங்கிற்று. பிற்காலத்தே அதனடியிற் சிவபெருமானைக் கண்ட புராணம் புதியதொன்றைப் படைத்ததன்று. தெய்வம் மாறிற்று, இடம் மாறவில்லை. வனம் என்பதே பின்வந்தோர் பெய்த சொல்.

மாற்றார் இத்தகைய மரத்தை வெட்டுதல் எத்துணைப் பெரிய செயலாகக் கருதப்பட்டது என்பதற்குப் பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்தே சான்று. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடல் கடந்து சென்று பகைவரது காவல்மரமாகிய கடம்பைத் தடிந்து, அதனால் முரசு செய்தமையைக் குமட்டூர்க் கண்ணனார் பாடுகின்றார்.

அங்ஙனமாயின் இக்கடம்பு எம்மரம்? இன்று ஒரு பெயரால் மூன்று மரங்கள் வழங்குகின்றன. ஒன்று, பெரிய இலையும் செம்மஞ்சட் பந்து போன்ற பூவும் உடைய வெண்கடம்பு; நியோலாமார்க்கியா கடம்பா என்பர் தாவரநூலார். மற்றொன்று, சிறிய வெளிர்மஞ்சள் உருண்டைகளாய்ப் பூக்கும் நீர்க்கடம்பு. இதனை மித்ராகைனா பார்விஃபோலியா என்பர். இவ்விரண்டும் காப்பிச்செடியின் குடும்பத்தன. மூன்றாவது, நீண்டு தொங்கும் சரங்களிற் செம்மலர் பூக்கும் செங்கடம்பு. இது பாரிங்டோனியா என்னும் வேறு இனத்தது. முருகன் செந்நிறத்தோன் ஆதலின் அவன் கடம்பும் செங்கடம்பே என்பாரும் உளர். நிறம் பற்றிய இவ்வூகத்தினும் புலவர் சொல்லே நமக்கு வலிய சான்று. பரிபாடலின் ஐந்தாம் பாட்டு முருகன் மாலைக்குரிய கடம்பை ‘உருள்’ என்னும் அடை கொடுத்துப் பாடுகின்றது. அவ்வடை பூங்கொத்தைக் குறிக்கும் ‘இணர்’ என்னும் சொல்லைத் தழுவி நிற்கின்றது. தனிமலர் உருளை ஒக்கும் என்றாரல்லர். கொத்தே உருண்டது என்றார். செங்கடம்பின் கொத்து சரமாய்த் தொங்குவது; உருளாது. முருகாற்றுப்படையின் தொடக்கத்திலும் அவ்வடையே வருகின்றது. ஆண்டு மரத்தின் பெயர் மராஅம். கார்காலத்து முதல் மழை பெய்து குளிர்ந்த காட்டில், இருள் படத் தழைத்து நிற்கின்றது அது. மழையோடு பூத்தல், பருத்த அடி, உருண்ட கொத்து ஆகிய மூன்றும் முதலிரு மரங்கட்கே பொருந்தும். இத்துணைச் சிறிய அடைமொழி மரநூலார்க்கும் பயன்படுமாறு அமைந்தமை புலவரது கண்ணின் கூர்மையால் என்க.

அவ்விரண்டனுள் மதுரைச் சமவெளிக்குரியது எது? வெண்கடம்பு ஈரம் மிக்க காடுகளில் ஓங்கி வளர்வது. மதுரையில் ஆண்டு மழை ஏறத்தாழ 850 மில்லிமீட்டரே. நீர்க்கடம்போ வறண்ட இலையுதிர்காடுகளிலும், ஆற்றோரத்தும் கண்மாய்க்கரையிலும் இயல்பாய் நிற்கும். சிலப்பதிகாரத்துப் புறஞ்சேரியிறுத்த காதையில் வையைக் கரையின் மரங்களை அடுக்கும் இளங்கோவடிகள், குரவம், கோங்கம், மருதம் முதலியவற்றோடு மரவத்தையும் எண்ணுகின்றார். மரவத்தை வெண்கடம்பு எனப் பொருள்கொள்வது உரைமரபு. ஆனால் உரைகாரர் கூறும் ‘வெண்மை’ பூவின் நிறம் பற்றியது. இன்று வெண்கடம்பு எனப்படும் மரத்தின் பூவோ செம்மஞ்சள் ஓடியது. நீர்க்கடம்பின் பூவே வெண்மையை அணுகியது. ஆதலின் வையைக்கரையின் மரவம் நீர்க்கடம்பு எனக் கோடலே தக்கது என்று கருதுகின்றோம்.

தலமரம் வளர்ப்போம் என்னும் ஆர்வத்தால் இக்காலத்தார் நடுவது பெரும்பாலும், ஒட்டுப்பலகைக்கும் தீக்குச்சிக்கும் பயிரிடப்படுவதும் விரைந்து வளர்வதுமாகிய பெருங்கடம்பையே. அதனைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. ஆயினும் மதுரைக் கடம்பு என்னும் பெயரை அதற்கு இடுமுன், வையையின் இருமருங்கிலும் ஊர்க் கண்மாய்க் கரைகளிலும் எஞ்சி நிற்கும் நீர்க்கடம்புகளை ஊர்தோறும் சென்று கணக்கிடல் வேண்டும். அப்பணிக்குத் தாவரநூலாரோடு தமிழ்த்துறையினரும் உடன் செல்லுதல் தகும்.