ஸ்போர்ட் டூரரை ரசிக்க, பின்சீட்டில் ஏறுங்கள்

ஸ்போர்ட் டூரர் என்று பேச்செடுத்ததுமே இரண்டு கூட்டம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. ரேஸ் வண்டிப் பித்தர்களுக்கு அது ‘அங்கிள் வண்டி’. பெட்டி மாட்ட இடமிருக்கிறது, முன்கண்ணாடி உயரமாக இருக்கிறது, ஹேண்டில்பார் குனியாமலே கைக்கு எட்டுகிறது. இவ்வளவு வசதி இருந்தால் வளைவில் ஒழுங்காகப் படுக்காது என்று ஓட்டிப் பார்க்காமலே தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். அட்வெஞ்சர் பைக் கட்சிக்கோ இது காலம் முடிந்த சரக்கு. பெரிய வண்டிப் பக்கம் புதிதாக வருகிற ஆள் இந்த இரண்டு பேச்சையும் கேட்டுவிட்டு, ஒரு ஸ்போர்ட் டூரரில் ஏறிக்கூடப் பார்க்காமல் நகர்ந்துவிடுகிறார். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். இரண்டு சக்கரத்தில் பொறியாளர்கள் அதிகமாக மண்டையைக் குடைந்துகொண்டது இந்த வகைக்காகத்தான். அது கண்ணுக்குத் தெரியாததற்குக் காரணம், எல்லோரும் முன்சீட்டிலிருந்தே பார்ப்பது.

அடிப்படைகளைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். நாள் முழுக்க நெடுஞ்சாலையில் வேகமாகப் போக வேண்டும், மலைப்பாதை வந்தால் வளைந்து நெளிந்து ஏற வேண்டும், அதையும் இரண்டு பேரோடும் பெட்டிகளோடும் செய்ய வேண்டும். இதுதான் இந்த வண்டியின் வேலை. 1976-ல் வந்த பி.எம்.டபிள்யூ. ஆர்100ஆர்எஸ்ஸை முன்னோடி எனலாம். ஹான்ஸ் மூத் வடிவமைத்த அதன் முழு ஃபேரிங், இத்தாலியில் பினின்ஃபரினாவின் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் செதுக்கப்பட்டது. பிறகு ஹோண்டா எஸ்டி1100 பான் யூரோப்பியன் 28 லிட்டர் டேங்கோடும், செயினுக்குப் பதில் ஷாஃப்டோடும் வந்தது. 2001-ல் யமஹா எஃப்ஜேஆர்1300 வந்தது. எடை குறைந்த பக்கத்தில் ஹோண்டா விஎஃப்ஆர்800, நம் ஊர் ஷோரூம்களிலும் விற்ற கவாசாகி நின்ஜா 1000எஸ்எக்ஸ். காற்றைப் பற்றி ஒரே விஷயம்: கண்ணாடி உயரமாக இருப்பது முக்கியமில்லை, அதைத் தாண்டி வருகிற காற்று சுழலாமல் வர வேண்டும். சுழன்று வரும் காற்று ஹெல்மெட்டை அடித்துக்கொண்டே இருந்தால் ஒரு மணி நேரத்தில் கழுத்து போய்விடும். சீட்டைப் பற்றியும் ஒன்று: அமுக்கினால் மெத்தென்று போகிற சீட், கடைக்குள் உட்காரும் ஐந்து நிமிடத்துக்கு மட்டும்தான் நல்ல சீட்.

இனி ஒப்பீட்டுக் கட்டுரைகளுக்கு வருவோம். சொகுசுக்கு இத்தனை மதிப்பெண், ஹேண்ட்லிங்குக்கு இத்தனை, கடைசியில் போனால் போகிறதென்று பில்லியனுக்கு, அதாவது பின்சீட்டுக்கு, இத்தனை. பில்லியனைப் பற்றி இரண்டு வரி இருக்கும்: சீட் அகலம், கிராப் ரெயில் பிடிக்க வசதி. எழுதுகிறவர் பெரும்பாலும் தனியாகத்தான் ஓட்டியிருப்பார். இந்தப் பிரிப்பே தப்பு. சொகுசு கூடினால் ஹேண்ட்லிங் குறையும், ஹேண்ட்லிங் கூடினால் இடுப்பு வலிக்கும் என்று இரண்டையும் தராசின் இரண்டு தட்டுகளாக வைத்துப் பழகிவிட்டார்கள். ஒரு நல்ல ஸ்போர்ட் டூரரில் சொகுசும் ஹேண்ட்லிங்கும் ஒரே கணக்கின் விடைகள். அந்த விடை சரியா தப்பா என்பது பின்சீட்டில்தான் தெரியும்.

அதற்கு ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை. வண்டி குலுங்குவதில் இரண்டு விதம் உண்டு. முன்னும் பின்னும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவது ஒன்று. இதை மேல்கீழ் ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம் அமுங்கும்போது பின்பக்கம் எழுந்து, பின்பக்கம் அமுங்கும்போது முன்பக்கம் எழுவது இன்னொன்று. இது முன்பின் ஆட்டம். மேல்கீழ் ஆட்டத்தை உடம்பு பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. முன்பின் ஆட்டம்தான் ஆளைக் கொல்கிறது. அதுவும் எல்லோரையும் சமமாகக் கொல்வதில்லை. ஓட்டுகிறவர் இரண்டு சக்கரங்களின் நடுவுக்குச் சற்றுப் பின்னால், ஆட்டத்தின் மையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார். பில்லியனில் இருப்பவர் ஏறக்குறைய பின் அச்சுக்கு நேர் மேலே, அதுவும் உயரத்தில். டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தவர் ஸ்பீடு பிரேக்கரில் கூரையைத் தொடும்போது டிரைவருக்கு ஒன்றுமே தெரியாதில்லையா, அதே கணக்குதான். முன்னால் இருப்பவருக்கு லேசான தலையசைப்பாகத் தெரிவது, பின்னால் இருப்பவரைத் தூக்கிப் போடுகிறது. ஆகவே ‘சஸ்பென்ஷன் சொகுசாக இருக்கிறது’ என்று ஓட்டுகிறவர் எழுதும் வாக்கியம் பாதி சாட்சியம் மட்டுமே.

முன்பின் ஆட்டம் எங்கிருந்து வருகிறது? பிரேக் போட்டால் எடை முன்னால் போகிறது, ஃபோர்க் அமுங்குகிறது. ஆக்சிலரேட்டரை முறுக்கினால் பின்பக்கம் உட்காருகிறது. சாலை மேடும் தன் பங்கைச் செய்கிறது. பி.எம்.டபிள்யூ. ஆர்1250ஆர்டியின் வீல்பேஸ், அதாவது இரண்டு சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரம், 1,485 மில்லிமீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் முன்சக்கரம் ஒரு மேட்டில் ஏறி சுமார் 0.09 விநாடி கழித்துத்தான் பின்சக்கரம் அதே மேட்டில் ஏறும். அந்த இடைவெளியில் முன்பக்கம் ஆடத் தொடங்கிவிடுகிறது. பின்பக்கம் தாமதமாகச் சேர்ந்துகொள்கிறது. இதற்கு வழி கார்க்காரர்களிடமிருந்து வந்தது. ரோல்ஸ் ராய்ஸிலிருந்து அமெரிக்காவின் கடிலாக்குக்குப் போன மாரிஸ் ஒல்லி என்ற பொறியாளர் 1930களில் கண்டது இது: பின் ஸ்பிரிங் முன் ஸ்பிரிங்கைவிடச் சற்று விரைவாக ஆடும்படி வைத்தால், தாமதமாகத் தொடங்கிய பின்பக்கம் முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும், முன்பின் ஆட்டம் சீக்கிரமே மேல்கீழ் ஆட்டமாக மாறிவிடும். இப்போது பின்சீட்டில் 60 கிலோ ஆள் ஒருவரை ஏற்றுங்கள். அந்த எடை கிட்டத்தட்ட முழுவதும் பின்சக்கரத்தின் மேல். ஸ்பிரிங் அதேதான், சுமை மட்டும் கூடுகிறது. பின்பக்கம் மெதுவாக ஆடத் தொடங்குகிறது. தனி ஆளுக்குச் சரியாக வைத்த கணக்கு டபுள்ஸ் போகும்போது தலைகீழாகிறது.

“பிரீலோடை ஏற்றிவிட்டால் சரியாகிவிடுமே” என்று உடனே ஒரு குரல் கேட்கும். பாதிதான் சரியாகும். பிரீலோடு என்பது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கிவைக்கும் அளவு. அதைக் கூட்டினால் சாதாரண ஸ்பிரிங் கெட்டியாவதில்லை. அமுங்கிப்போன பின்பக்கம் பழைய உயரத்துக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான். அந்த உயரம் சின்ன விஷயமில்லை. பின்பக்கம் 20 மில்லிமீட்டர் தாழ்ந்தால், ஒன்றரை மீட்டர் வீல்பேஸில் வண்டி முழுவதும் சுமார் முக்கால் டிகிரி பின்னால் சாய்ந்துவிடும். முன் ஃபோர்க்கின் சாய்வும் அதே அளவு மாறும். ஹேண்டில் கனக்கும், வளைவுக்குள் வண்டி தயங்கித் தயங்கி நுழையும், வெளியே வரும்போது நினைத்த கோட்டைவிட்டு அகலமாகப் போகும். ஹெட்லைட் வெளிச்சம் 50 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய இரண்டடி மேலே போய் எதிரே வருபவரின் கண்ணைக் குத்தும். பின்னால் இருப்பவரைத் தூக்கிப் போடுகிற அதே அசைவுதான் முன்னால் இருப்பவரின் ஹேண்ட்லிங்கையும் கெடுக்கிறது. ஒவ்வொரு பிரேக்கிலும் ஒவ்வொரு முறுக்கிலும் ஃபோர்க்கின் கோணம் ஆடினால் வளைவின் நடுவில் வண்டி ஒரே சொல்லில் நிற்காது. அந்த ஆட்டத்தை அடக்கிய வண்டி இருவருக்குமே நல்ல வண்டி. ஸ்பிரிங் கெட்டியாவதில்லை என்பதை பி.எம்.டபிள்யூ. பொறியாளர்களே ஒத்துக்கொண்டதற்குச் சாட்சி உண்டு. 2004-ல் கே1200எஸ்ஸில் வந்த மின்னணு சஸ்பென்ஷன், ஒரு ஹெல்மெட், ஹெல்மெட்டோடு பெட்டி, இரண்டு ஹெல்மெட் என்று படம் போட்டு பிரீலோடை மாற்றியது. கே1300 வரிசையில் வந்த அடுத்த தலைமுறையில் ஸ்பிரிங்கின் கெட்டித்தன்மையையே மாற்ற வழி செய்தார்கள். இந்த முன்னேற்றத்தைப் பற்றிச் சிலாகித்தவர்களைவிட டிஸ்ப்ளேயின் அகலத்தைப் பற்றிச் சிலாகிப்பவர்கள்தான் இன்று அதிகம்.

இந்தக் கண்ணோடு ஒரே வீட்டு வண்டிகள் இரண்டைப் பாருங்கள். ஆர்1250ஆர்எஸ், ஆர்1250ஆர்டி. இரண்டிலும் அதே 1,254 சிசி பாக்ஸர் இன்ஜின், அதே 136 குதிரைத்திறன். ஆர்எஸ் 243 கிலோ, ஆர்டி 279. எடையை மட்டும் பார்த்தால் ஆர்எஸ்தான் துள்ளலான வண்டி, ஆர்டி சோபா. ஆனால் ஆர்எஸ்ஸில் இருப்பது வழக்கமான ஃபோர்க்; ஆர்டியில் டெலிலீவர். 1993-ல் ஆர்1100ஆர்எஸ்ஸில் வந்த அமைப்பு அது: சக்கரத்தைத் திருப்புகிற வேலை குழாய்களுக்கு, பிரேக் விசையைத் தாங்குகிற வேலை இன்ஜினோடு பூட்டிய ஒரு கைக்கு. எடை முன்னால் போவதை அது தடுப்பதில்லை. முன்பக்கம் மூக்கைக் குத்துவதைப் பெரும்பாலும் தடுக்கிறது. அதனால் டபுள்ஸில் வளைவுக்கு முன் பிரேக் போடும்போது பின்னால் இருப்பவரின் ஹெல்மெட் முன்னால் இருப்பவரின் ஹெல்மெட்டில் முட்டுவது குறைகிறது. ‘முன்டயர் என்ன சொல்கிறதென்று கைக்குத் தெரிவதில்லை’ என்று டெலிலீவரைக் குறை சொல்லாத விமர்சகர் அபூர்வம். குறை உண்மைதான், ரேஸ் டிராக்கில் அது பெரிய குறைதான். பானியர் பெட்டி மாட்டிய வண்டியை டிராக் அளவுகோலால் அளக்கிற மேட்டிமைதான் எனக்குப் பொறுப்பதில்லை. ஹோண்டாவின் இணைந்த பிரேக்குக்கும் இதே கதி. 1998-ன் விஎஃப்ஆர்800-ல் முன்லீவரைப் பிடித்தால் பின்பிரேக்கும் ஓரளவு பிடிக்கும், காலால் மிதித்தால் முன்பிரேக்கும் பிடிக்கும். பின்பிரேக் சேரும்போது பின்பக்கம் எழுவது குறைகிறது. பின்சீட்டுக்கு அது வரம். ‘ஓட்டுகிறவரின் சுதந்திரம் போச்சு’ என்று எழுதியவர்களுக்குப் பின்னால் யாராவது உட்கார்ந்திருந்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

“பெரும்பாலானோர் தனியாகத்தானே ஓட்டுகிறார்கள், பின்சீட்டை வைத்து ஏன் அளக்க வேண்டும்?” என்ற கேள்வி நியாயமானது. தனியாக ஓட்டும்போது முன்பின் ஆட்டம் இல்லாமல் போவதில்லை. உணர்வது மட்டும் குறைகிறது. பின்சீட் அதைப் பெரிதாக்கிக் காட்டும் இடம் என்பதால்தான் அங்கிருந்து பார்க்கச் சொல்கிறேன். அட்வெஞ்சர் கட்சியின் ஆட்சேபம் இன்னும் வலுவானது: நிமிர்ந்த இருக்கை, அகலமான சீட், நீண்ட சஸ்பென்ஷன், எல்லாமே அங்கே இருக்கிறதே? பில்லியனுக்குக் காலை நீட்ட இடம் அதிகம், ஒப்புக்கொள்கிறேன். குண்டுகுழிச் சாலையில் அந்த நீளம் உதவும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆர்டியின் சஸ்பென்ஷன் பயணம் முன்னால் 120, பின்னால் 136 மில்லிமீட்டர். அதே இன்ஜின் உள்ள அட்வெஞ்சர் வண்டியான ஆர்1250ஜிஎஸ்ஸில் 190, 200. ஜிஎஸ்ஸுக்காவது டெலிலீவர் இருக்கிறது. சாதாரண ஃபோர்க்கோடு இத்தனை நீளமும், உயரமான எடையும் சேர்ந்தால் பிரேக்குக்குப் பிரேக் வண்டி குனிந்து நிமிரும். தார்ச்சாலையை விட்டு இறங்கவே போகாதவர்கள் ஆற்றைக் கடக்கும் வண்டியை வாங்குவது வெறும் ஃபேஷன். அதற்கு விலை கொடுப்பவர் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். மின்னணு சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்பவர்களுக்கு: அது டேம்பிங்கை, அதாவது ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் தடையை, நொடிக்கு நொடி மாற்றும், உயரத்தையும் சரிசெய்யும். டாப் பாக்ஸை எங்கே மாட்டுகிறீர்கள் என்பதை மாற்றாது. பின் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் 10 கிலோ வைத்தால் முன்சக்கரத்திலிருந்து சுமார் 2 கிலோ எடை கழன்றுவிடும். கனமானதைப் பக்கப் பெட்டிகளில் போடுங்கள். டாப் பாக்ஸில் மழைக்கோட்டும் முறுக்குப் பொட்டலமும் போதும்.

ஒரு வண்டி முன்பின் ஆட்டத்தை அடக்குகிறதா என்று கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். பின்சீட்டில் நீங்களே ஏறுங்கள். கைப்பிடியைப் பாருங்கள், இந்தியாவில் மோட்டார் வாகன விதிப்படியே பில்லியனுக்குக் கைப்பிடியும் கால்வைக்க இடமும் இருந்தாக வேண்டும். சட்டத்துக்காக ஒட்டியதா, உடம்புக்காக வைத்ததா என்பது பிடித்த உடனே தெரிந்துவிடும். கை இடுப்புக்குப் பக்கத்தில் விழ வேண்டும், முதுகுக்குப் பின்னால் போகக் கூடாது. முழங்கால் இடுப்பைவிட உயர்ந்தால் அது ஸ்போர்ட் டூரர் வேஷம் போட்ட ரேஸ் வண்டி. பிறகு ஓட்டத் தெரிந்த ஒருவரை முன்னால் உட்காரவைத்து, 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து சீராகப் பிரேக் போடச் சொல்லுங்கள்; ஸ்பீடு பிரேக்கர் ஒன்றை மெதுவாகவும், ஒட்டுப்போட்ட சாலையைச் சற்று வேகமாகவும் கடக்கச் சொல்லுங்கள். ஏறி இறங்கினால் பரவாயில்லை. முன்னால் சரிந்து, பின்னால் எறியப்பட்டால் பிரீலோடை ஏற்றி, ஸ்பிரிங் திரும்பி விரிவதை அடக்கும் ரீபவுண்ட் டேம்பிங்கையும் கொஞ்சம் கூட்டி மறுபடி ஒரு சுற்று போங்கள். நின்ஜா 1000எஸ்எக்ஸில் பிரீலோடுக்கு ஸ்பானரே வேண்டாம், பக்கத்தில் இருக்கும் குமிழைத் திருகினால் போதும். அப்போதும் ஆட்டம் அடங்கவில்லை என்றால் அந்த வண்டியின் பின் ஸ்பிரிங் உங்கள் இருவரின் எடைக்குப் போதாது; மாற்று ஸ்பிரிங் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு விலை பேசுங்கள். டெஸ்ட் ரைடுக்குத் தனியாகத்தான் அனுப்புவோம் என்கிற ஷோரூமில் ஸ்போர்ட் டூரர் வாங்காதீர்கள்.